மூன்று கிலோமீட்டர்தான் என்று நம்பி இத்தாலியின் ட்ரியெஸ்தேவுக்குப் படிக்க வரும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

ஆகஸ்ட் மாதம் பிறந்தால் போதும், என் வாட்ஸ்அப் நிறைந்துவிடும். "அக்கா, விசா வந்துடுச்சு. குக்கர் கொண்டு வரலாமா?" "அங்க புளி கிடைக்குமாக்கா?" "குளிர் எவ்ளோ இருக்கும்?" எல்லாவற்றுக்கும் பதில் போட்டிருக்கிறேன். குக்கர் கட்டாயம். புளி கிடைக்கும், ஆனால் நம் புளி இல்லை. குளிரைவிடக் காற்றுக்குப் பயப்படுங்கள். இந்த ஏழு வருடத்தில் ஒருவர்கூட "ஓடுறதுக்கு ஷூ எடுத்துட்டு வரட்டுமா" என்று கேட்டதில்லை. போன மாதம் ஒரு தம்பி மட்டும் இப்படிக் கேட்டான்: "அக்கா, மேப்புல பாத்தேன். ரூமுக்கும் இன்ஸ்டிட்யூட்டுக்கும் மூணு கிலோமீட்டர்தான் காட்டுது. ஒரு பழைய சைக்கிள் வாங்கிட்டா பஸ் காசு மிச்சம்தானே?"

அந்த மூன்று கிலோமீட்டருக்கு ஒரு வரியில் பதில் எழுதப் பார்த்தேன், முடியவில்லை. அதனால்தான் எல்லோருக்கும் பொதுவாக இந்த மடல்.

எனக்கு ஊர் திருவாரூர்ப் பக்கம். எங்கள் ஊரில் மேடு என்றால் ரயில்வே மேம்பாலம். அதற்கே பாதியில் இறங்கித் தள்ளுகிறவர்கள் உண்டு. காவிரித் தண்ணீரே எந்தப் பக்கம் போவது என்று யோசித்து யோசித்து நடக்கிற மண் அது. அண்ணன் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகி, மேல்நிலைப் பள்ளிக்குத் தினமும் பதினொரு கிலோமீட்டர் போய் வந்தவள் என்பதால், சைக்கிள் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். அந்தக் கனத்தை ட்ரியெஸ்தே ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இறக்கிவைத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஊரின் அமைப்பை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இத்தாலியின் வடகிழக்கு மூலை. மேற்கே அட்ரியாட்டிக் கடல். முதுகுப் பக்கம் கார்சோ என்கிற சுண்ணாம்புக்கல் பீடபூமி, 300 மீட்டருக்கு மேல் சுவர்போல் எழுந்து நிற்கிறது. சுவருக்கும் கடலுக்கும் நடுவே கிடைத்த சரிவில் ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் ஆட்கள் வந்து சேர்கிற இடங்களோ இந்தச் சுவரில் ஆளுக்கொரு படியில் இருக்கின்றன. அப்துஸ் சலாம் 1964இல் தொடங்கிய கோட்பாட்டு இயற்பியல் மையம் மிராமாரேயில், கடலை ஒட்டி. சிஸ்ஸா என்ற ஆராய்ச்சி நிறுவனம், வியா பொனோமேயா என்ற சாலையில், சரிவின் இடுப்பில். பல்கலைக்கழகம் இன்னொரு குன்றின் தோளில். எலெத்ரா சின்க்ரோட்ரான் என்ற துகள்முடுக்கி ஆய்வகம் பாசோவித்ஸாவில், பீடபூமியின் மேல், கடல் மட்டத்திலிருந்து சுமார் 370 மீட்டரில். கைபேசி வரைபடம் இதையெல்லாம் ஒரு தட்டில் வைத்த இட்லி மாதிரி அருகருகே காட்டும். நடுவில் இருக்கிற உயரத்தை மட்டும் சொல்லாது.

அதனால் இங்கே யாராவது "பக்கம்தான்" என்றால் உடனே கேளுங்கள்: எவ்வளவு மேலே? இந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். "மேலே போகிறேன்" என்றால் கார்சோ, "கீழே போகிறேன்" என்றால் கடற்கரை. கிழக்கு, மேற்கு என்று யாரும் வழி சொல்லி நான் கேட்டதில்லை.

இனி என் ஞாயிற்றுக்கிழமை. வந்த மூன்றாவது வாரம் பழைய சைக்கிள் விற்கும் ஒரு கடையில் அறுபது யூரோவுக்கு ஒரு சைக்கிள் வாங்கினேன். பார்க்க லட்சணமாக இருந்தது. முன்னால் கூடை, பின்னால் கேரியர், மணியும் உண்டு. கியர் ஆறு என்றார் கடைக்காரர். வேலை செய்தது இரண்டு. பிரேக் கட்டையைத் தொட்டுப் பார்த்தபோது பழைய அழிப்பான் மாதிரி இறுகிப்போயிருந்ததைக் கவனித்தேன், ஆனால் ஒன்றும் பேசவில்லை. திருவாரூரில் பிரேக்கே இல்லாமல் காலைத் தேய்த்து நிறுத்தியவள் ஆயிற்றே!

ஓப்பிச்சினா என்ற மேட்டு ஊருக்குக் குறுக்கு வழி பார்த்ததில் ரோயானோ பகுதியிலிருந்து ஸ்காலா சாந்தா என்று ஒரு சாலை காட்டியது. ஸ்காலா சாந்தா என்றால் புனிதப் படிக்கட்டு. பெயரிலேயே படிக்கட்டு இருக்கிறது, பார்த்தாவது புரிந்துகொண்டிருக்கலாம். முதல் நூறு மீட்டர் மிதித்தேன். அடுத்த ஐம்பது மீட்டர் எழுந்து நின்று மிதித்தேன். அதன் பிறகு ஓப்பிச்சினா வரை தள்ளினேன், அதுவும் பல இடங்களில் கை நீட்டி, உடம்பைச் சாய்த்து, எருமையைக் குளத்திலிருந்து கரையேற்றுகிறமாதிரி. மேலே போய்த் தண்ணீர் குடித்து, வெற்றிக் களிப்பில் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பிவிட்டு, அதே வழியில் இறங்கினேன். அதுதான் தப்பு.

இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் விடாமல் பிடித்திருந்தேன். முதலில் கீச்சென்று சத்தம், பிறகு ரப்பர் கருகிய வாசனை. அதற்குப் பின் கைப்பிடியை அழுத்தினால் அழுத்தினபடியே இருக்கிறது, சைக்கிள் மட்டும் ஓடுகிறது. வளைவு வருவதற்குள் ஒரு வீட்டின் வேலிச்செடிக்குள் நானே கொண்டுபோய் விட்டேன். உள்ளங்கை இரண்டும் உரிந்தன. சக்கர விளிம்பில் தெரியாமல் விரல் பட்டு, தோசைக்கல்லைத் தொட்டதுபோல் சுட்டது. அந்த வீட்டு அம்மாள் ஒரு சொம்பு அளவுக் குவளையில் தண்ணீர் கொண்டுவந்து கையில் ஊற்றிவிட்டு, சாலையைக் காட்டி, சைக்கிளைக் காட்டி, தலையை இடம் வலமாக ஆட்டிக்கொண்டே இருந்தார். மொழி தெரியாத அன்றைக்கு எனக்குக் கிடைத்த தெளிவான இத்தாலியப் பாடம் அது.

திங்கட்கிழமை கட்டுப்போட்ட கையோடு போனதும் என் பக்கத்து மேஜைக்காரன் கேட்டான். பாசோவித்ஸாவில் பிறந்து வளர்ந்த ஸ்லொவீனியன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவன் சொன்னது: "ரயில் ஏறாத மேட்டில் உனக்கு என்ன வேலை?"

இந்த மடலில் நான் சொல்ல வந்தது அந்த ஒரு வரிதான். நூறு, நூற்றைம்பது வருடத்துக்கு முன் சுமை ஏற்றிக்கொண்டு இந்தச் சுவரில் ஏற வேண்டிய கட்டாயம் ஆஸ்திரியப் பேரரசுக்கு இருந்தது. ட்ரியெஸ்தே அதன் பெரிய துறைமுகம். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும், மாடு நுரை தள்ளும் என்பதால் பொறியாளர்கள் ஊரைச் சுற்றிச் சுற்றி, மலையின் மடிப்புக்குள் புகுந்து, மெல்ல ஏறும் தடங்களை வெட்டினார்கள். நம் முழங்காலும் அந்த மாட்டின் முழங்கால்தான். குறுக்கு வழிகள் ஆள் மட்டும் ஏறிப்போகப் போட்டவை. அவற்றைக் குறுக்கு வழியில் போகிறவர்களுக்கே விட்டுவிடுங்கள்.

அப்படிப்பட்ட தடங்களில் ராஜா, கொத்தூர் பாதை. பெயரைக் கேட்டதும் மன்னார்குடிப் பக்கம் ஏதோ கிராமம் என்றுதான் நினைத்தேன். ஜொர்தானோ கொத்தூர் என்ற சைக்கிள் வீரரின் பெயர். 1887இல் திறந்த ட்ரியெஸ்தே–எர்பெல்லே ரயில் பாதை 1950களின் கடைசியில் நின்றுபோனது, பின்னர் தண்டவாளத்தையும் பிடுங்கிவிட்டார்கள். அந்தத் தடம் இப்போது நடக்க, ஓட, சைக்கிள் விட மட்டுமே. சான் ஜாக்கொமோ பகுதியில், அடுக்குமாடி வீடுகளின் துணி காயும் பால்கனிகளுக்குப் பக்கத்திலேயே தொடங்கி, ஏறக்குறைய 12 கிலோமீட்டரில் த்ராகா சாந்தெலியா என்ற எல்லையோரக் கிராமம் வரை போகிறது. நூறு மீட்டர் போனால் இரண்டரை, மூன்று மீட்டர்தான் ஏறும். மிதிக்கும்போது ஏறுகிறோம் என்றே தெரியாது. மூச்சு மட்டும் கொஞ்சம் சத்தமாகும். "எதிர்காற்று போலிருக்கிறது" என்று நினைத்துக்கொண்டே போவீர்கள். திரும்பிப் பார்த்தால் துறைமுகத்துக் கிரேன்கள் காலுக்குக் கீழே தீப்பெட்டியாய்த் தெரியும்.

பாதி வழிக்கு மேல் தார் முடிந்து சரளைக்கல். அங்கேதான் வால் ரொசாந்த்ரா பள்ளத்தாக்கு தொடங்குகிறது. செங்குத்தான வெள்ளைப் பாறைகள், கீழே சின்ன ஆறு, பாறை விளிம்பில் ஒட்டிவைத்த மாதிரி ஒரு சிறிய தேவாலயம். எமிலியோ கொமிச்சி என்ற ட்ரியெஸ்தேக்காரர் 1929இல் இங்கே பாறையேற்றம் கற்றுக்கொடுக்கும் பள்ளி தொடங்கினார். இன்றைக்கும் ஞாயிறானால் பாறைகளில் கயிற்றோடு ஆட்கள் பல்லி மாதிரி. ரயிலுக்காகக் குடைந்த சுரங்கங்களுக்குள் நுழையும்போது ஜூலை வெயிலிலும் சில்லென்று ஒரு காற்று கழுத்தில் படும். அந்தச் சில்லிப்புக்காகவே நான் எத்தனையோ சனிக்கிழமை அந்தப் பக்கம் போயிருக்கிறேன்.

கொத்தூர் யார் என்றும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் இந்த ஊரின் முக்கால்வாசிக் கதை அதில் வந்துவிடும். போர் முடிந்த மறு வருடம், 1946. ட்ரியெஸ்தே யாருக்கு, இத்தாலிக்கா யூகோஸ்லாவியாவுக்கா என்பது முடிவாகவில்லை. நேச நாடுகளின் ராணுவ நிர்வாகம் நடக்கிறது. ஜீரோ தி'இத்தாலியா பந்தயத்தின் ஒரு கட்டம் ட்ரியெஸ்தேயில் முடிவதாக அறிவித்திருந்தார்கள். சைக்கிள் பந்தயம் என்று பெயர், உண்மையில் "இது எங்கள் ஊர்" என்று டயரால் கோடு கிழிக்கிற வேலை. ஜூன் 30 அன்று பியெரிஸ் என்ற ஊரருகே சாலையை மறித்தார்கள், கல் பறந்தது, துப்பாக்கிச் சத்தமும் கேட்டது. பெரும்பாலான வீரர்கள் அத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். 17 பேர் மட்டும் போயே தீருவோம் என்று ராணுவ லாரிகளில் ஏறி ஊர் எல்லை வரை வந்து, மறுபடி சைக்கிளில் ஏறி மொந்தேபெல்லோ குதிரைப் பந்தயத் திடலுக்குள் நுழைந்தார்கள். முதலில் நுழைந்தவர், சொந்த ஊர்ப் பையன் கொத்தூர். ஊரே அழுததாம். அவர் ஓட்டியது வில்லியர் த்ரியெஸ்தீனா அணிக்கு. இந்த ஊர்ப் பெயரை அணிப் பெயரிலேயே சேர்த்துக்கொண்டவர்கள் அவர்கள்.

ஆனால் என் மேஜைத் தோழனின் வீட்டில் இந்தக் கதைக்கு வேறு முகம் உண்டு. மேட்டுக் கிராமங்களில் காலங்காலமாக ஸ்லொவீன் பேசுகிறவர்கள். பாசிச ஆட்சியில் அவர்கள் மொழியைப் பொது இடத்தில் பேசவிடவில்லை, குடும்பப் பெயர்களைக்கூட இத்தாலியமாக்கினார்கள். அவர்களுக்கு அந்தப் பந்தயம் இனிக்கவில்லை. 1954இல் ஊர் இத்தாலிக்குத் திரும்பியது. மொழிக்காக ஒரு ஊர் என்னவெல்லாம் படும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் கார்சோ மேலே ஓடும்போது எதிரே வருகிறவர் ஸ்லொவீனில் வணக்கமாக "தோபெர் தான்" என்றால் நீங்களும் "தோபெர் தான்" என்றே சொல்லுங்கள். பெயர்ப்பலகையில் ஓப்பிச்சினாவுக்குக் கீழே ஓப்ச்சினெ என்றும், பாசோவித்ஸாவுக்குக் கீழே பாஸொவித்ஸா என்றும் இரண்டு எழுத்துக்கூட்டலில் இருப்பதை ஒரு தடவையாவது நின்று பாருங்கள். இன்றைக்குக் கொத்தூர் பாதையில் நேரே போய்க்கொண்டே இருந்தால் ஸ்லொவீனியாவுக்குள் போய்விடுவீர்கள். அவர் ஆவி அதைப் பற்றி என்ன நினைக்கிறதோ.

இரண்டாவது, நாப்போலியோனிகா. அரசாங்கப் பெயர் விசென்தினா, அப்படிச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ஓப்பிச்சினாவின் 1830ஆம் ஆண்டுக் கல்தூணிலிருந்து புரோசெக்கோ வரை நான்கைந்து கிலோமீட்டர், சுவரின் உதட்டில் சமதளமாக ஓடுகிற பாதை. (ஆமாம், அந்தப் பாட்டில் மதுவுக்குப் பெயர் கொடுத்த ஊர்தான் புரோசெக்கோ.) வலது கை பாறை, இடது கை முந்நூறு மீட்டருக்குக் கீழே கடல். மிராமாரே கோட்டை வெள்ளைச் சோழிபோல் கிடக்கும். டெல்டாக்காரர்கள் ஓடிப் பழக இதைவிட நல்ல இடம் கிடையாது. பிரச்சினை ஒன்றே ஒன்று, அங்கே போய்ச் சேர வேண்டும். பியாட்ஸா ஒபெர்தானிலிருந்து 1902இல் ஓடத் தொடங்கிய டிராம் உண்டு. நடுவில் ஒரு துண்டு 26 சதவீதச் சரிவு. அந்த இடத்தில் ஒரு தள்ளுவண்டி பின்னாலிருந்து முட்டுக்கொடுக்க, கம்பி வடத்தில் ஏறுகிறது. நான் வந்தபோது அது ஓடவில்லை. 2016 ஆகஸ்டில் இரண்டு டிராம்கள் நேருக்கு நேர் மோதியதில் நின்றது, மறுபடி ஓடியது 2025 பிப்ரவரியில். எட்டரை வருடம். "எப்போ ஓடும்?" என்று எந்தக் கிழவரைக் கேட்டாலும் "நோ செ போல்" என்பார். "முடியாது" என்பதற்கு ட்ரியெஸ்தே வழக்கில் அதுதான் சொல், இந்த ஊரின் ஊர்ப்பாட்டு என்றே சொல்லலாம். அலுவலகங்களில் அடிக்கடி கேட்பீர்கள். பழகிக்கொள்ளுங்கள்.

டிராம் ஓடுகிற நாளில் என் யோசனை இது: ஓடி ஏறுங்கள், டிராமில் இறங்குங்கள். எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். ஏற்றம் கெண்டைக்காலைத்தான் பிடிக்கும், இரண்டு நாளில் போய்விடும். இறக்கத்தில் ஓடுவது முழங்காலில் உட்கார்ந்துகொள்ளும். முதல் வருடம் இறங்கி இறங்கியே முட்டிவலி வரவழைத்துக்கொண்டு, இரண்டு மாதம் தைலம் தேய்த்தவள் சொல்கிறேன். 2020 ஊரடங்கில் வீட்டுக்கு அருகே மட்டும் ஓடலாம் என்று விதி வைத்தபோது சான் ஜாக்கொமோ படிக்கட்டுகளில் ஏறி ஏறி இறங்கினேன். ஏறுவதற்கு மட்டும் ஓட்டம், இறங்குவதற்கு நடை என்று அப்போதுதான் புத்தி வந்தது.

கடற்கரை பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், சொல்லாமலே போய்விடுவீர்கள். பியாட்ஸா உனித்தாவிலிருந்து மிராமாரே வரை எட்டு கிலோமீட்டர் அளவில் சமதளம். பார்கோலா கடற்கரை நெடுகிலும் தண்ணீர்க் குழாய், மர நிழல், ஆட்கள். முதல் மாதம் அங்கேயே ஓடுங்கள். கோடையில் மட்டும் காலை ஏழுக்குள் முடித்துவிடுங்கள், பிறகு நடைபாதையில் துண்டு விரித்துப் படுத்திருக்கிறவர்களைத் தாண்டித் தாண்டி ஓட வேண்டியிருக்கும். மிராமாரேக்கு அப்பால் சிஸ்தியானா வரை போகும் கடலோரச் சாலை சைக்கிள்காரர்களுக்குச் சொர்க்கம் என்பார்கள், படங்களும் அப்படித்தான் இருக்கும். கார்கள் உரசிக்கொண்டு போகும். விடுமுறைக் காலத்தில் நான் போகமாட்டேன், உங்களையும் அனுப்பமாட்டேன். வழியில் ஒரு சிறு குகைப்பாதை உண்டு. இத்தாலியச் சட்டப்படி சுரங்கத்துக்குள்ளும், இரவில் ஊருக்கு வெளியேயும் சைக்கிளில் போனால் ஒளிரும் சட்டை போட்டே ஆக வேண்டும். பெரியவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயமில்லை என்று சட்டம் சொல்கிறது. என் உள்ளங்கை வேறு சொல்கிறது.

தங்கைகளே, இது உங்களுக்கு. நான் முதல் தடவை ஓடப் போனது இருட்டு விலகாத காலையில், சுடிதாரில், துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு. யாராவது பார்த்தால் பஸ்ஸுக்கு ஓடுவதாக நினைக்கட்டும் என்று கையில் பையும் வைத்திருந்தேன். பார்கோலாவில் தொப்பொலீனி என்கிற அரைவட்டக் குளியல் மேடைகள் இருக்கின்றன. மேலிருந்து பார்த்தால் மிக்கி மவுஸ் காது போல் தெரிவதால் அந்தப் பெயர்; மிக்கி மவுஸுக்கு இத்தாலியில் தொப்பொலீனோ என்று பெயர். அங்கே எழுபது எழுபத்தைந்து வயதுப் பாட்டி ஒருவர் நீந்திவிட்டுக் கரையேறி, நீச்சலுடையிலேயே நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து உரக்க, "ப்ராவா, மூலா!" என்றார். தூக்கிவாரிப்போட்டது. என் நட்சத்திரம் மூலம். பெண் மூலம் நிர்மூலம் என்று சொல்லி இரண்டு வரன் திரும்பிப்போன ஜாதகம் அது. எங்கள் ஊரில் விடாமல் துரத்திய அந்தச் சொல் கடல் தாண்டியும் வந்துவிட்டதே என்று நின்றுவிட்டேன். மேஜைத் தோழன்தான் பிறகு விளக்கினான்: ட்ரியெஸ்தே பேச்சில் மூலோ என்றால் பையன், மூலா என்றால் பொண்ணு. "சபாஷ், பொண்ணு" என்றிருக்கிறார் பாட்டி. அம்மாவிடம் அன்றிரவே போனில் சொன்னேன். "அந்த வயசுல என்ன உடுத்தியிருந்தாங்க?" என்பதிலேயே அம்மா நின்றுகொண்டது வேறு கதை. அடுத்த வாரம் பையையும் துப்பட்டாவையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன்.

போரா. பெயரைக் கேட்டால் "யாரு போறா?" என்றுதான் வரும், நமக்கு. போகிறது காற்று. பீடபூமியில் தேங்கிய குளிர்ந்த காற்று கனத்து, மலையின் தாழ்ந்த இடைவெளி வழியாகக் கடலை நோக்கிக் கொட்டுகிறது. அருவிபோல் மேலிருந்து விழுகிற காற்று. மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டுவது குளிர்காலத்தில் சாதாரணம், 150ஐத் தாண்டிய நாட்களும் உண்டு. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, இங்கே ஸ்கூட்டர்கள் வரிசையாகப் படுத்திருக்கும், குப்பைத் தொட்டிகள் தெருவைக் கடக்கும். பிடித்து நடக்க முன்பெல்லாம் தெருமுனைகளில் கயிறு கட்டுவார்களாம். வெயிலோடு வருவது வெள்ளைப் போரா, மேகமும் மழையும் சேர்ந்து வந்தால் கறுப்புப் போரா. 2012 பிப்ரவரியில் நாள்கணக்காக அடித்து, தெறித்த கடல்நீர் கரையிலேயே உறைந்து கட்டியானதை ஊரில் எல்லோரும் படம் வைத்திருக்கிறார்கள்.

ஓடுகிறவர்களுக்கு அதில் தெரிய வேண்டியது, காற்று ஒரே வேகத்தில் அடிக்காது. குத்துக் குத்தாக வரும். நீங்கள் உடம்பைச் சாய்த்து எதிர்த்து ஓடுவீர்கள், சட்டென்று ஒரு கணம் காற்று நிற்கும், சாய்ந்த பக்கமே விழுவீர்கள். சைக்கிளில் இது இன்னும் மோசம். கட்டடங்களின் மறைவில் போய்க்கொண்டிருந்து தெருமுனைக்கு வந்ததும் பக்கவாட்டில் ஒரு அறை. போன குளிர்காலம் நம் பையன் ஒருவன் அப்படித்தான் விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டான். நல்ல மிதிகாரன், நல்ல சைக்கிள். "அக்கா, நாளைக்கு பிரசண்டேஷன் இருந்துச்சு, அதான் போனேன்" என்றான் மருத்துவமனையில். போரா எச்சரிக்கை வந்தால் சைக்கிளைத் தொடாதீர்கள். பஸ் ஓடும். பஸ் ஓடாவிட்டால் பேராசிரியரும் வந்திருக்க மாட்டார்.

எல்லை பற்றி ஒரு வார்த்தை. மேலே ஏறிவிட்டால் ஸ்லொவீனியா கைக்கெட்டும் தூரம். ஓட்டத்தின் நடுவே ஒரு கல் வரும், அவ்வளவுதான் எல்லை. ஆனால் 2023 அக்டோபரிலிருந்து இத்தாலி மறுபடி சோதனை வைத்திருக்கிறது. அரைக்கால்சட்டையில் ஓடிவருகிற கறுத்த முகத்தை நிறுத்திக் கேட்பார்கள், எனக்கு நடந்திருக்கிறது. நம் முகத்துக்கு மட்டும்தான் கேட்டார்கள் என்பதும் நடந்திருக்கிறது. கோபம் வரத்தான் செய்யும். தங்கும் அனுமதி அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இடுப்புப் பையில் வைத்துக்கொண்டு கோபப்படுங்கள். வந்த புதிதில் உங்களிடம் அட்டை இருக்காது, தபால் நிலையத்தில் கொடுத்த ரசீதுதான் இருக்கும். விசா முடிந்து ரசீதை மட்டும் வைத்துக்கொண்டு எல்லை தாண்டாதீர்கள். அட்டை கைக்கு வந்ததும் பாரென்ஸானா இருக்கிறது: 1902 முதல் 1935 வரை ட்ரியெஸ்தேயிலிருந்து இன்றைய குரோவேஷியாவின் பொரெச் வரை ஓடிய குறுகிய ரயில், 123 கிலோமீட்டர், இப்போது மூன்று நாடுகளைக் கடக்கிற சைக்கிள் தடம். இதுவும் ரயில் ஏறிய மேடுதான்.

மே மாதம் ஊரில் அரை மாரத்தான் நடக்கும். பெயர் கொடுக்க ஆசைப்பட்டால் விளையாட்டு மருத்துவரின் சான்றிதழ் வேண்டும், இத்தாலியில் போட்டியாக ஓட அது இல்லாமல் எண் தரமாட்டார்கள். சிறுநீர் சோதனை, ஊதச் சொல்லி நுரையீரல் சோதனை, படுக்கவைத்து ஒரு இசிஜி, படி மாதிரி ஒரு பெட்டியில் மூன்று நிமிடம் ஏறி இறங்கவிட்டு மறுபடி இசிஜி. அலுத்துக்கொள்ளாதீர்கள். நம் வீடுகளில் நாற்பதைத் தொடும்போதே மாரடைப்பு வந்த சித்தப்பாக்கள் எத்தனை பேர்! நம்மில் பலருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக யாரோ நெஞ்சில் காது வைத்துக் கேட்பது அன்றைக்குத்தான்.

இன்னும் சில. வால் ரொசாந்த்ராவை விட்டால் கார்சோவில் ஓடும் தண்ணீர் கிடையாது, சுண்ணாம்புக்கல் எல்லாவற்றையும் உள்ளே குடித்துவிடும். திமாவோ என்ற ஆறே பல பத்துக் கிலோமீட்டர் பூமிக்குள் ஓடி, கடலோரத்தில்தான் வெளியே வருகிறது. பாட்டிலை நிரப்பிக்கொண்டு ஏறுங்கள். புல்லில் உட்கார்ந்தால் வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே உண்ணிக் கடியால் மூளைக்காய்ச்சல் வரும், தடுப்பூசி இருக்கிறது, கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். காட்டுப்பன்றி எதிரே வந்தால் வழி விடுங்கள், அது உள்ளூர்க்காரர். சாலைச் சந்திப்பில் சிவப்பு அம்புப் பலகையும் மேலே ஒரு கொத்து ஐவி இலையும் தொங்கினால் அது ஓஸ்மித்ஸா. வருடத்தில் சில நாள் மட்டும் விவசாயி தன் வீட்டு முற்றத்திலேயே சொந்தச் சரக்கை விற்கும் கடை; 1784இல் பேரரசர் இரண்டாம் யோசேப்பு எட்டு நாளைக்கு விற்கலாம் என்று கொடுத்த அனுமதியில் வந்த வழக்கம், ஸ்லொவீனில் எட்டு என்பது ஓசெம். சைவக்காரர்களுக்கும் பாலாடைக்கட்டி, ரொட்டி கிடைக்கும், முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் அவித்த முட்டையும். மது குடித்துவிட்டு இறக்கத்தில் சைக்கிள் விடக்கூடாது என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

கேள்வி கேட்ட தம்பிக்கு: பஸ் காசு மிச்சமாகாது. பாஸ் எடுத்துவிடு. சைக்கிளும் எடு, ஆனால் கூடை வைத்த அழகுச் சைக்கிள் வேண்டாம். முன்னால் சின்னச் செயின்வீல், பின்னால் உள்ளங்கை அகலத்துக்குப் பல்சக்கரம் இருக்க வேண்டும். பிரேக் கட்டையை நகத்தால் அழுத்திப் பார், பள்ளம் விழ வேண்டும். விழாவிட்டால் கடைக்காரர் என்ன சொன்னாலும் வாங்காதே.

அதுவும் வாங்க வேண்டியதில்லை. செப்டம்பர் கடைசியில் நான் இங்கிருந்து கிளம்புகிறேன். என் இரண்டாவது சைக்கிள் சான் ஜாக்கொமோ வீட்டின் கீழறையில் நிற்கிறது, கொத்தூர் பாதை தொடங்குகிற இடத்திலிருந்து ஐந்து நிமிடம். பிரேக் கட்டை ஜூலையில் மாற்றியது. பின் டியூபில் இரண்டு பஞ்சர் ஒட்டு இருக்கிறது, பயப்பட வேண்டாம். இருக்கை என் உயரத்துக்கு இருக்கும், கீழே உள்ள நெம்பைத் தளர்த்தி ஏற்றிக்கொள்ளுங்கள். சாவியைப் பக்கத்து மேஜைக்காரனிடம் கொடுத்துவைத்திருக்கிறேன். முதலில் வந்து கேட்கிறவருக்கு. கடைசிச் சின்னக் கியர் மட்டும் ஒரு தட்டில் விழாது, இரண்டு தடவை அழுத்த வேண்டும்.

அன்புடன்,
உங்கள் அக்கா
சான் ஜாக்கொமோ, ட்ரியெஸ்தே